இன்ஸ்பெக்ஷனுக்கு நட்ட தோட்டம்

ஒரு பார்மஸி கல்லூரிக்கு அங்கீகாரம் எப்படிக் கிடைக்கிறது என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்த நாளிலிருந்து மருந்துக் கடைச் சுவரில் தொங்குகிற எந்தச் சான்றிதழையும் மரியாதையோடு என்னால் பார்க்க முடிந்ததில்லை. அப்படி ஒரு சான்றிதழ் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அது என் நாத்தனாருடையது. அதைப் பெறுகிற தகுதி அவளுக்கு இருந்தது. கொடுத்தவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அப்போது டில்லியில் கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் ஓர் அமைச்சகத்தில் கிளார்க். வீட்டில் மாமியார், நாத்தனார், நாங்கள் இருவர். கணவர் குடும்பத்துக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாத்தனார் பிறந்து வளர்ந்ததெல்லாம் டில்லி. என்னை மைனி என்று கூப்பிடுவாள். அந்தச் சொல்லையும் இன்னும் சிலதையும் தவிர அந்த ஊர் அவளிடம் அதிகம் ஒட்டவில்லை. தமிழைப் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், கோபம் வந்தால் இந்திக்குப் போய்விடுவாள். நான் சென்னையில் பார்மஸியில் மேல்படிப்பு முடித்துவிட்டுக் கல்யாணமாகி டில்லி வந்தவள். அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கை அலுத்துப்போயிருந்தேன்.

நாத்தனாருக்கு மருந்துப் படிப்பின்மேல் ஆசை வந்ததற்கு நான்தான் காரணம் என்று மாமியார் சொல்வார். இருக்கலாம். ஆனால் அவளை அந்தக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது என் கணவர். பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. டில்லி எல்லையில் புதுக் கல்லூரி, பி.பார்ம் பட்டம், கவுன்சிலின் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தாயிற்று என்று போட்டிருந்தது. விண்ணப்பித்தாயிற்று என்றால் கிடைத்துவிட்டது என்றா அர்த்தம் என்று நான் கேட்டேன்.

"ஃபைலு நகந்துட்டுன்னா வந்துரும். எங்க போயிரப் போவுது?" என்றார் அவர்.

வருஷக்கணக்காக ஃபைல்களைத் தள்ளுகிறவருக்கு ஃபைல்தான் சாமி. ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகும் காகிதம் என்றைக்காவது ஒரு நாள் நல்ல செய்தியோடு திரும்பி வரும் என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை, கோயிலில் நிற்கும்போதுகூட அவர் முகத்தில் இருந்ததில்லை. எங்கள் காலனியில் முக்கால்வாசி ஆண்கள் அப்படித்தான் இருந்தார்கள். காலனியிலிருந்து இன்னும் சில பிள்ளைகளும் அதே நம்பிக்கையில் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புதுசாக பார்மஸி பட்டப்படிப்பு தொடங்குகிறவர் முதலில் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும், பிறகு பல்கலைக்கழகத்தில் இணைப்பு வாங்க வேண்டும். இந்த இரண்டும் கையில் வந்தால் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் முக்கியம். நாட்டில் யார் மருந்தாளுநர் என்று தீர்மானிக்கிற கவுன்சில் ஆள் அனுப்பிப் பார்த்து, இங்கே நடப்பது படிப்புத்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு வருஷங்கள் ஆகும். முதல் செட் கடைசிப் பரீட்சை எழுதுகிற சமயத்தில்தான் முடிவான அங்கீகாரம் வரும். வராவிட்டால் அந்தப் பிள்ளைகளின் பட்டத்தைப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் வேலை கிடையாது, மருந்துக் கடைக்கு லைசென்ஸ் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். என் நாத்தனார் அந்த முதல் செட்டில் இருந்தாள்.

அவள் சேர்ந்த சில மாதத்தில் அதே கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. படித்தவர்கள் யாரும் அங்கே போகத் தயாராக இல்லாததால் எனக்குப் போட்டியே இருக்கவில்லை.

கல்லூரி ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கின் பக்கத்தில் இருந்தது. சேர்மனுக்குச் செங்கல் சூளையும் அந்தக் கிடங்கும் உண்டு. கிடங்கில் உருளைக்கிழங்கு, கல்லூரியில் பிள்ளைகள். இரண்டையும் சேர்த்து வைத்தால் போதும், விலை தானாக வரும் என்பது அவருடைய கல்விக் கொள்கை. பிரின்சிபால் ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார், இந்தி தவிர வேறு பேச மாட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். சேர்மன் வந்தால் எழுந்து நிற்பார், சேர்மனின் டிரைவர் வந்தாலும் பாதி எழுந்துவிடுவார்.

லேப் என்று ஒரு கூடம் இருந்தது. மேஜைகள் இருந்தன. மேஜைமேல் ஒன்றும் இல்லை. நான் கரும்பலகையில் தராசை வரைந்து எடை போடக் கற்றுக்கொடுத்தேன். மாத்திரை அழுத்தும் மெஷினையும் வரைந்தேன். என் நாத்தனார் வீட்டுக்கு வந்து, "மைனி, நீங்க டிராயிங் டீச்சரா ஆயிருக்கலாம்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் அவளுக்குப் பயம் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். இருட்டின பிறகு பின்கட்டில் என்னோடு தனியாக உட்கார்ந்துகொண்டு, "அங்கீகாரம் வருமா மைனி? சச்சி சொல்லுங்க" என்று கேட்பாள். உண்மையைச் சொல்வதென்றால் வராது என்று சொல்ல வேண்டும். வரக்கூடாது என்றும் சொல்ல வேண்டும். வராவிட்டால் அவள் கதி என்ன என்று நினைத்துக்கொண்டு, படி என்று மட்டும் சொல்வேன்.

முதல் இன்ஸ்பெக்ஷன் மழைக்காலத்தில் வந்தது. கவுன்சில் என்றைக்கு ஆள் அனுப்பப் போகிறது என்பதை முன்னாலேயே எழுதித் தெரிவித்துவிடும். திருடன் வீட்டுக்குப் போலீஸ்காரர் நேரம் கேட்டுக்கொண்டு போவது மாதிரியான மரியாதை அது. தெரிவித்த நாளிலிருந்து கல்லூரி விழித்துக்கொண்டது. தராசுகள் வந்தன, மைக்ராஸ்கோப்புகள் வந்தன, மாத்திரை மெஷின் ஒரு டெம்போவில் வைக்கோல் சுற்றி வந்தது. எல்லாம் வேறு கல்லூரியிலிருந்து இரவல். அந்தக் கல்லூரியின் இன்ஸ்பெக்ஷனுக்கு நாம் நாற்காலி கொடுத்தோம் என்று பிரின்சிபால் என்னிடம் பெருமையாகச் சொன்னார். மருந்துச் சோதனைக்கென்று முயல்கள் வந்தன. டை கட்டின ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மருந்துக் கடைக்காரர். நீங்கள் எந்தப் பாடம் என்று ஒத்திகையில் கேட்டதற்கு அவர் ஹோல்சேல் என்றார்.

இதெல்லாம் எங்கும் நடப்பது. எனக்கு ஆத்திரம் வந்தது தோட்டத்தால்தான்.

பார்மஸி கல்லூரிக்கு மூலிகைத் தோட்டம் இருந்தே ஆக வேண்டும் என்பது கவுன்சிலின் விதி. நல்ல விதி. இலையையும் வேரையும் பட்டையையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று யோசித்துத்தான் எவரோ எழுதியிருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே பிரின்சிபாலிடம் சொன்னேன், ஆடாதோடை, நொச்சி, நித்யகல்யாணி எல்லாம் இந்த மண்ணில் தானாக வரும், ஒரு மூலையைக் கொத்திக் கொடுங்கள், தண்ணீர் ஊற்றினால் போதும் என்று. "அச்சா மேடம்ஜி, அச்சா, பார்க்கலாம்" என்றார். அவர் அகராதியில் அதற்குக் கிடையாது என்று பொருள். ஒவ்வொரு பருவத்திலும் சொன்னேன், ஒவ்வொரு பருவத்திலும் அச்சா கிடைத்தது.

இன்ஸ்பெக்ஷன் அன்று காலையில் நான் போனபோது தோட்டம் இருந்தது. ரயில் பாதையோரம் காடாக மண்டிக் கிடந்த ஆடாதோடைப் புதர்களிலிருந்து கிளைகளை வெட்டி வந்து, ஈர மண்ணில் வரிசையாகச் சொருகி, தகரத்தில் லத்தீன் பெயர் எழுதி முன்னால் நட்டிருந்தார்கள். நொச்சிக்கிளை, வேப்பங்கிளை, எதிர்வீட்டுச் செம்பருத்தி எல்லாம் வரிசையில் நின்றன. வேர் என்று ஒன்றுக்குமே கிடையாது. வெயில் ஏறினால் எல்லாம் தலை தொங்கிவிடும் என்பதால் இன்ஸ்பெக்டர்களுக்கு முதலில் தோட்டத்தைக் காட்டிவிட வேண்டும் என்று பிரின்சிபால் ஏற்பாடு செய்திருந்தார். அவர் வாழ்க்கையில் மருந்துச் செடியைப் பற்றி யோசித்தது அந்த ஒரு தடவைதான்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வடக்கே ஏதோ ஊர்க்காரர், நாள் முழுக்க ஏப்பம் விட்டதைத் தவிர வேறு கருத்துச் சொல்லவில்லை. இன்னொருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த பேராசிரியர். மருந்துச் செடிகள்தான் அவருடைய துறை. அவர் வருகிறார் என்று தெரிந்ததும் பிரின்சிபால் என்னை அழைத்து, லேபைப் பற்றி ஒன்றும் கேட்காமல், மதியச் சாப்பாட்டுக்கு சாம்பார் வேண்டும் என்றார். தமிழ் இன்ஸ்பெக்டருக்குத் தமிழ்ச் சாப்பாடு. என் மேல்படிப்பு அந்தக் கல்லூரிக்குப் பயன்பட்டது அந்த வகையில்தான். நான் முடியாது என்றேன். விஷயம் கணவர் காதுக்குப் போய், அவர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கி வந்து, மாமியார் சமைத்துக் கொடுத்தார். தங்கச்சி படிப்பு விஷயமாம்.

பேராசிரியர் காரை விட்டு இறங்கியதும் என்னைப் பார்த்து, "என்னம்மா, நம்ம ஊரா? பாத்தாலே தெரியுதே" என்றார். தோட்டத்துக்குக் கூட்டிப்போனோம். செடிகளைப் பற்றிச் சொல்ல என் நாத்தனாரை நிறுத்தியிருந்தார்கள், இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள் என்று. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கையைப் பின்னால் கட்டி நின்றாள். அவர் வரிசையாக நடந்து வந்தவர், ஆடாதோடைக்கு முன்னால் நின்றார். இலையைக் கிள்ளி முகர்ந்து பார்க்கக் குனிந்து இழுத்தார். இலை மட்டும் வரவில்லை. மொத்தக் கிளையும் அவர் கையோடு வந்துவிட்டது. அடியில் அரிவாள் வெட்டு பச்சையாகத் தெரிந்தது.

எல்லாரும் அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிரின்சிபாலின் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இனி என்ன சொல்லிச் சமாளிக்கிறார்கள் பார்ப்போம் என்று நின்றேன். பேராசிரியர் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதே குழியில் அதை மறுபடி சொருகினார். ஷூ முனையால் மண்ணைத் தள்ளி, இரண்டு தட்டுத் தட்டினார். வேட்டி மடிப்பைச் சரி செய்வது போல அவ்வளவு பழக்கமாகச் செய்தார். அதைப் பார்த்த உடனே புரிந்துவிட்டது, அவர் கையோடு செடி வருவது அது முதல் தடவை இல்லை என்று.

நாத்தனார்தான் பேசினாள். "சார், அதுல வேர் இல்ல" என்றாள் தமிழில்.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "தெரியும்மா. நீ எத்தனையாவது வருஷம்? முதல் செட்டா?"

"ஆமா சார்."

"வேர் இல்லன்னு நான் எழுதினா, உன் டிகிரிக்கும் வேர் இருக்காது. எழுதட்டுமா? நீயே சொல்லு."

அந்தப் பெண்ணிடம் அப்படிக் கேட்டார், சம்பளம் வாங்குகிற ஒரு பேராசிரியர். சேர்மனிடம் கேட்கவில்லை, பிரின்சிபாலிடம் கேட்கவில்லை. பத்தொன்பது இருபது வயசுப் பெண்ணிடம், உன் பிழைப்பை நீயே கெடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. பிரின்சிபால் மொழி புரியாமல், மாணவி ஏதோ நல்லதாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "வெரி குட், வெரி குட்" என்றார்.

அன்று லேபில் அவர் செலவழித்த நேரத்தைவிடச் சாப்பாட்டு மேஜையில் செலவழித்தது அதிகம். முருங்கைக்காயை எடுத்துத் தூக்கிப் பார்த்து, டில்லியில் இது எங்கே கிடைத்தது, முற்றலாக இல்லாமல் எப்படிப் பார்த்து வாங்கினீர்கள் என்று துருவித் துருவி விசாரித்தார். மாத்திரை மெஷினைப் பற்றி அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் கல்லூரியே படுத்திருக்கும்.

கவுன்சிலிலிருந்து பதில் வந்தது. குறைகள் சில உண்டு, ஆனாலும் மாணவர்களின் எதிர்காலத்தைக் கருதித் தற்காலிக அங்கீகாரம் வழங்கப்படுகிறது. மாணவர்களின் எதிர்காலம் என்ற அந்தச் சொற்றொடரைப் போல அயோக்கியமானதை நான் பார்த்ததில்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. பிறகு அந்தப் பிள்ளைகளையே முன்னால் நிறுத்தி, எங்களை அடித்தால் இவர்கள்மேல்தான் படும் என்று சொல்ல வேண்டியது. சேர்மனுக்கு இது முதல் நாளே தெரிந்திருந்தது. உருளைக்கிழங்கு அழுகினால் நஷ்டம் அவருக்கு, பிள்ளைகள் அழுகினால் நஷ்டம் அப்பா அம்மாவுக்கு.

இன்ஸ்பெக்ஷன் முடிந்த அன்றே இரவல் சாமான்கள் எல்லாம் டெம்போவில் ஏறிவிட்டன. அந்த வாரம் சேர்மன் வீட்டுக் கல்யாணம், தோட்டம் இருந்த இடத்தில் பந்தல் போடக் கிளைகளைப் பிடுங்கிச் சுவரோரம் வீசினார்கள். நாத்தனார் அதற்கு முன்னாலேயே ஒரு கிளையைப் பிடுங்கியிருந்தாள். பேராசிரியர் கையோடு வந்த அதே கிளைதான். புத்தகப் பையில் சொருகிக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "இத நட்டா வருமா மைனி?" என்று கேட்டாள்.

"வரும். ஆடாதோடை கம்பு வெச்சாலே வரும். மழைக்காலம் வேற."

"அப்ப அவங்க சும்மா தண்ணி ஊத்தியிருந்தாலே வந்துருக்குமா?"

"வந்திருக்கும்."

"ஹே பகவான்," என்றாள். "அப்புறம் எதுக்கு இவ்வளவு நாடகம்?"

பொய்த் தோட்டத்துக்கு ஆள் கூலி, அரிவாள், டெம்போ, தகரம், பெயிண்ட், விடிவதற்கு முன் ஒரு கூட்டமே ரயில் பாதையோரம் அலைந்த அலைச்சல். மெய்த் தோட்டத்துக்கு ஒரு வாளித் தண்ணீர். அவர்களுக்குப் பொய்தான் கைக்கு வந்தது. மெய்யைச் செய்ய எங்கே தொடங்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

குவார்ட்டர்ஸ் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அவள் அதை நட்டாள். துணி அலசின தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் செங்கல் வைத்துத் தடுத்தாள். குளிக்க வைத்த வாளியில் மிச்சம் வைத்து ஊற்றுவாள். துளிர் வந்தது. டில்லிக் குளிரில் சுருங்கிக் கிடந்து, ஹோலி சமயத்தில் மறுபடி கிளம்பியது. அடுத்த மழைக்குள் புதராக ஆகி, வெள்ளைப் பூவும் பூத்தது. மாமியார் தன் இருமலுக்கு அதன் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தார், டிஸ்பென்சரி மருந்தை ஜன்னலுக்கு வெளியே ஊற்றினார்.

நாத்தனார் அதன் இலைகளைக் கல்லூரிக்குக் கொண்டுவருவாள். நான் வீட்டிலிருந்து பிளேடு கொண்டுபோவேன். இலையை மெல்லிசாகச் சீவி, கல்லூரி கடைசியில் சொந்தமாக வாங்கியிருந்த ஒரே மைக்ராஸ்கோப்பில் வரிசையாக நின்று எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள். அந்தக் கல்லூரியில் நடந்த உருப்படியான பிராக்டிகல் அது ஒன்றுதான். பிரின்சிபால் ஒரு நாள் எட்டிப் பார்த்து, இலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பிள்ளைகள் சொன்னார்கள். "வாஹ், வாஹ்" என்று மெச்சித் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அப்போது அவர் மனசில் என்ன ஓடியது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசி இன்ஸ்பெக்ஷன் வந்தது. அங்கீகாரமா இல்லையா என்று தீர்ந்துபோகிற இன்ஸ்பெக்ஷன். பழையபடி தராசு வந்தது, மெஷின் வந்தது, முயல் வந்தது. ஆடாதோடை வரவில்லை. ஏஷியாட் விளையாட்டுக்கு ஊரை அழகுபடுத்துகிறேன் என்று சாலையை அகலப்படுத்தி, ரயில் பாதையோரப் புதர்களை எல்லாம் வேரோடு மழித்திருந்தார்கள். பழைய பேராசிரியரே திரும்பவும் வருகிறார் என்று வேறு தகவல் வந்திருந்தது. அவருக்குக் கையில் ஏதாவது செடி கிடைத்தாக வேண்டும்.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பிரின்சிபாலே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார், பின்னால் ஒரு டெம்போவும் அரிவாளோடு ஒரு ஆளும். "மேடம்ஜி, உங்கள் புதரிலிருந்து கொஞ்சம் கிளைகள் வேண்டும். எல்லாம் நம் பிள்ளைகளுக்காகத்தானே" என்றார்.

நான் முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனேன். வருஷக்கணக்காக உங்களிடம் ஒரு மூலை மண் கேட்டேன், கொடுத்தீர்களா என்று கேட்டேன். இந்தியில் என்னால் அவ்வளவு நன்றாகத் திட்ட முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. கணவர் பனியனோடு ஓடி வந்து அவருக்கு நாற்காலி போட்டார். "ஒரு செடிதான, குடுத்துட்டுப் போயேன். ஃபைலு கடைசி மேஜையில இருக்கு. இப்பப் போயி மொரண்டு புடிக்கியே" என்றார் என்னிடம்.

நாத்தனார் பின்கட்டில் செடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அரிவாளோடு வந்த ஆள் கிளையில் கை வைத்தபோது, "ருக்கோ" என்றாள். அவன் நின்றான். அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடப்பாரை வாங்கி வந்தாள்.

"என்ன செய்யற?" என்றேன்.

"வெட்டிக் குடுத்தா அதே கம்புதான் மைனி. அந்த சார் மறுபடி புடுங்கிட்டு, மறுபடி என்னப் பாத்துக் கேப்பாரு. என்னால திரும்ப முழிச்சுட்டு நிக்க முடியாது. பூராவும் எடுத்துட்டுப் போகட்டும்."

மாமியார் வந்துவிட்டார். "ஏட்டி, செடியப் பேத்தா என் இருமலுக்கு நான் என்ன செய்ய?"

அவள் செடியைச் சுற்றி வட்டமாகத் தோண்டினாள். அந்த ஆள் உதவிக்கு வந்ததைத் தடுத்துவிட்டாள். வேர் அறுந்துவிடாமல் மண்ணோடு தூக்கி, மாமியாரின் பழைய புடவையில் கட்டினாள். பிரின்சிபால் ஒரு தம்ளர் காபியைக் குடித்துக்கொண்டே, "பஹுத் அச்சா, பஹுத் அச்சா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டெம்போவில் செடியோடு அவளே ஏறிப் போய், குழி வெட்டி நட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். அன்று முழுக்க நான் அவளிடம் பேசவில்லை. எனக்குக் கோபம். செடியைக் கொடுத்தாளே என்ற கோபமா, கொடுக்காமல் இருக்க அவளுக்கு வழியே இல்லை என்ற கோபமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் பேராசிரியர் வந்தார். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது. தோட்டத்தில் மற்ற கிளைகளை எல்லாம் கண்ணெடுத்தும் பார்க்காமல் தாண்டி வந்தார். ஆடாதோடைக்கு முன்னால் நின்று, ஓரக் கண்ணால் என் நாத்தனாரைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. குனிந்து தண்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். அப்போதும் வரவில்லை. நிமிர்ந்து கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். நம்மை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்கிற முகம்.

"வேர் விட்டிருக்கேம்மா" என்றார் என்னிடம்.

"ஆமா சார்" என்றேன்.

"இது எப்போ வெச்சது?"

பிரின்சிபாலுக்கு அந்தக் கேள்வி எப்படியோ புரிந்துவிட்டது. "கல்லூரி தொடங்கின நாளிலிருந்து இருக்கிறது சார்" என்றார். நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கீகாரம் வந்தது. மூலிகைத் தோட்டத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுதியிருந்ததாகப் பிரின்சிபால் ஸ்டாஃப் ரூமில் படித்துக் காட்டினார். லட்டு கொடுத்தார்கள். என் கணவர் வீட்டில், "நான் அப்பமே சொன்னம்லா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஃபைல் அவரைக் கைவிடவில்லை. நாத்தனார் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாள், பட்டத்தைப் பதிவு செய்துகொண்டாள், பெயருக்குப் பதிவு எண்ணும் வந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது.

வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், சான்றிதழை வாங்கப் போன அன்று, என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். செடியைத் திரும்பக் கேட்டு வாங்கி வர வேண்டும் என்று அதே பழைய புடவையைக் கொண்டுவந்திருந்தாள். அந்த இடத்தில் சிமெண்ட் போட்டு ஸ்கூட்டர் ஸ்டாண்டு கட்டியிருந்தார்கள். அங்கீகாரம் வந்த பிறகு தோட்டம் யாருக்கு வேண்டும்? வாட்ச்மேனிடம் கேட்டோம். அவன் சுவரோரத்தைக் காட்டினான். உடைந்த தகரப் பலகைகளோடு அது காய்ந்து கிடந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை. புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, "சலோ மைனி" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் அந்தக் குழியை மூடிக்கொண்டிருந்தாள். அது அத்தனை நாளும் திறந்தே கிடந்தது, மாமியார் அதில் இரண்டு தடவை கால் இடறியிருக்கிறார். அவர் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சும்மா ஏன்ட்டி மூடுதே? ஒரு கறிவேப்பிலக் கன்னாவது வையேன்" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்மா" என்றாள் அவள், மண்ணை மிதித்துக்கொண்டே. "நல்லா வளந்துச்சுன்னா கேட்டு வந்துருவாங்க."